ஊர்க் காரியத்தில் இறங்கினால் பரிசுத்தம் கெட்டுவிடுமா?

வந்த கேள்வி சுருக்கமாக இது: "நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே, பஞ்சாயத்து எல்லைக்குள் புதிதாக உருவான ஒரு நகர். குடியிருப்போர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள். எங்கள் போதகரோ, பரிசுத்தமாய் வாழ்கிறவன் உலகத்தாரோடு கலக்கக்கூடாது, இதெல்லாம் வேண்டாம் என்கிறார். சங்கத்தில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கும் வரி வசூலிப்பார்கள் என்பதால் எனக்கும் தயக்கமாக இருக்கிறது. ஒரு விசுவாசி ஊர்க் காரியத்தில் எவ்வளவு தூரம் இறங்கலாம்?"

சேருங்கள் தம்பி. செயலாளர் பதவியைக்கூட வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டுப் பொருளாளராகச் சேருங்கள் என்பேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் போதகர் காட்டியது அநேகமாக 2 கொரிந்தியர் 6:17 ஆகத்தான் இருக்கும். "அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய், அசுத்தமானதைத் தொடாதிருங்கள்." நல்ல வசனம்தான், ஆனால் அதே பவுல் அதே கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். விபசாரக்காரரோடு கலந்திருக்காதீர்கள் என்று தான் முன்பு எழுதியதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, நான் வெளியே இருக்கிறவர்களைச் சொல்லவில்லையே, அப்படியென்றால் நீங்கள் உலகத்தைவிட்டே நீங்கிப்போக வேண்டியிருக்குமே என்று கிட்டத்தட்டத் தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் கலக்காதே என்றது, சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு சபைக்குள்ளேயே அக்கிரமம் செய்கிறவனோடு. நாம் அதை அப்படியே தலைகீழாக்கி, சபைக்குள் இருக்கிற வட்டிக்காரரை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து வீட்டு முருகன் பக்தரைப் பார்த்து ஒதுங்குகிறோம்.

இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் ஊர் என்று எனக்குத் தோன்றும். பரிசுத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே 'சுத்தம்' இருக்கிறது. சுத்தம் என்றதும் நம் காதில் 'தீட்டு' என்று விழுந்துவிடுகிறது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் தள்ளி நில். இந்தப் பழக்கம் ஞானஸ்நானத் தண்ணீரில் கரைந்துபோகவில்லை. நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்கக் கோவிலைப் பாருங்கள். பீடம் ஒன்றுதான், ஆனால் மக்கள் உட்காரும் பகுதி கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரிப் பிரிந்து, நடுவில் சுவர் வைத்து, இந்தச் சாதி இந்தப் பக்கம், அந்தச் சாதி அந்தப் பக்கம் என்று இருந்தது. 1910இல்தான் சுவரை இடித்தார்கள், அதற்கும் சண்டை, வழக்கு எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. புராட்டஸ்டன்ட் சபைகள் இதைப் பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. செங்கல் சுவர் இல்லை, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் பரிசுத்தம் என்பதன் அடிப்படை, கடவுளுக்கென்று பிரித்து வைத்தல். பிரித்து வைப்பதற்கும் ஒதுங்கி நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. விதைநெல்லைப் பிரித்து வைக்கிற விவசாயி அதைக் குதிருக்குள்ளேயே வைத்துக் கும்பிடவா பிரிக்கிறான்?

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை ஒருதரம் உட்கார்ந்து முழுக்க வாசியுங்கள். "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் உபவாசம், முழு இரவு ஜெபம் என்று வரும் என்று எதிர்பார்ப்போம். பலி, ஓய்வுநாள் எல்லாம் வரத்தான் செய்கிறது. ஆனால் அதோடு என்னென்ன வருகிறது பாருங்கள். வயலை அறுக்கும்போது ஓரத்தை ஒட்ட அறுக்காதே, உதிர்ந்ததைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. கூலிக்காரன் கூலி விடியும்வரை உன் கையில் இருக்கக்கூடாது. செவிடனைத் திட்டாதே, குருடன் வழியில் தடுக்கல் வைக்காதே. கோள்சொல்லித் திரியாதே. நரைத்தவனுக்கு முன் எழுந்து நில். தராசும் படியும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். இதெல்லாம் ஊரில் நாலு பேரோடு புழங்குகிறவனுக்குத்தான் பொருந்தும். கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவனுக்குப் படி எதற்கு, மரக்கால் எதற்கு?

புதிய ஏற்பாட்டுக்கு வந்தால் யாக்கோபு 1:27 ஒன்று போதும். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்திலே விசாரிக்கிறதும், உலகத்தால் கறைபடாமல் தன்னைக் காத்துக்கொள்ளுகிறதும்தான் மாசில்லாத பக்தி என்கிறார். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது, நம் பிரசங்கங்களில் மட்டும் பின்பாதி தனியாகக் கழன்று வந்துவிடும். இந்த 'விசாரிக்கிறது' என்ற சொல்லும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் பக்கம் துட்டி வீட்டுக்குப் போய் விசாரிப்பது என்றால் என்ன? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பாயில் உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்டு, அவர்கள் பத்தாவது தடவையாகச் சொல்வதை முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பது. போனில் ஆர்.ஐ.பி. போடுவதை யாரும் விசாரித்தல் என்று சொல்ல மாட்டார்கள். அப்படி நேரில் போகச் சொல்கிற வேலை இது.

சரி, இதை வெறும் வசனமாக இல்லாமல் வாழ்ந்து காட்டிய ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். பரிசுத்தம் பரிசுத்தம் என்று மேடைக்கு மேடை பேசுகிற நம் சபைகளில் பலவற்றுக்கு, அவர்களுக்கே தெரியாமல், ஒரு பாட்டன் உண்டு: ஜான் வெஸ்லி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பித்த பிரசங்கி. அவருடைய ஆட்கள் 1814இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார்கள்; 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் மெதடிஸ்ட் சபையும் ஒன்று. ஆகவே நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை.

அவர் 1739இல் எழுதிய ஒரு வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: சமூகப் பரிசுத்தத்தைத் தவிர வேறு பரிசுத்தத்தைச் சுவிசேஷம் அறியாது என்று. சமூக சேவை செய்கிறவர்கள் இதைப் போஸ்டர் அடித்து ஒட்டுவார்கள். உண்மையில் அந்த இடத்தில் அவர் ஆஸ்பத்திரி கட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. தனியாகப் போய் உட்கார்ந்து தியானம் செய்தே பரிசுத்தம் அடையலாம் என்றவர்களோடு மல்லுக்கு நிற்கிறார். மற்ற மனிதர்கள் இல்லாமல் பரிசுத்தம் வளராது என்பதுதான் அங்கே பொருள். ஆனால் அவர் செய்ததைப் பார்த்தால் போஸ்டர் அடிக்கிறவர்களையும் ரொம்பக் குறை சொல்ல முடியாது.

1742 பிப்ரவரி, பிரிஸ்டல் நகரம். கூட்டம் நடத்தக் கட்டிய கட்டடத்துக்குக் கடன் நிற்கிறது. எப்படி அடைப்பது என்று பேசும்போது ஃபாய் என்ற கேப்டன் ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போடுவோம் என்கிறார். நிறையப் பேர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொல்ல, அந்தக் கேப்டன், சரி, இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினோரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், கொடுக்க முடிந்தால் வாங்கிக்கொள்கிறேன், முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றிருக்கிறார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினோரு பேரை எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகக் காசு வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை, ஒரு வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று. வெஸ்லி உடனே, நாம் இத்தனை நாள் தேடியது இதைத்தான் என்று பிடித்துக்கொண்டார். உலகம் முழுக்கப் பரவிய மெதடிஸ்ட் 'கிளாஸ்' என்ற பன்னிரண்டு பேர் குழு இப்படிப் பிறந்ததுதான். ஏதோ எழுப்புதல் கூட்டத்தில் பிறந்தது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது கடன் வசூலுக்குப் போன வழியில் பிறந்தது! எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான், பரிசுத்தத்துக்குப் பழகும் இடம் பக்கத்து வீட்டு வாசல்படியாக இருந்திருக்கிறது, அதுவும் வாரம் தவறாமல்.

லண்டனில் இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். நகரத்தை 23 பகுதியாகப் பிரித்து, இரண்டிரண்டு பேராக 46 பேர், ஒவ்வொரு நோயாளியையும் வாரத்துக்கு மூன்று முறை பார்க்க வேண்டும். அவர்களுக்கு நாலு விதி. ஆத்தும காரியத்தில் ஒளிவுமறைவில்லாமல் பேசு. மென்மையாக, பொறுமையாக இரு. நோயாளிக்குச் செய்வதைச் சுத்தமாகச் செய். நாலாவது, அருவருப்புப் பார்க்காதே. வாரக் கணக்கை ஒப்படைக்கவும் வேண்டும்.

இந்த நாலாவது விதியை நான் எங்கள் தெருவில் கண்ணால் பார்த்தேன். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒரு பெரியவர். சபையிலிருந்து ஒரு குழுவாகப் போய், நானும்தான் போனேன், கட்டிலைச் சுற்றி நின்று இரண்டு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு நீண்ட ஜெபம், காபி, வந்துவிட்டோம். அறையில் ஒரு வாடை இருந்தது, எல்லோரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம். எங்கள் சபையில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் உண்டு, பிரசங்கம் பண்ணத் தெரியாது, ஜெபிக்கச் சொன்னால் நாலு வரியில் முடித்துவிடுவார். அவர் மறுநாள் தனியாகப் போய், பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். அதற்கப்புறம் செவ்வாயும் வெள்ளியும் ஒரு பிளாஸ்டிக் வாளி, பஞ்சு, கொதித்து ஆறின உப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எப்படிப் புரட்டிவிடுவது என்று மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்த வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. பெரியவர் இறந்தபோது அந்த மருமகள் முதலில் ஆள் அனுப்பியது இந்த அக்காவுக்குத்தான். உலகத்தாரோடு கலப்பதைப் பற்றி இந்த அக்காவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை, கேள்வியே புரியாது என்று நினைக்கிறேன்.

வெஸ்லியிடம் திரும்புகிறேன். 1746இல் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தார். மருந்து கலப்பவர் ஒருவரையும் அறுவை மருத்துவர் ஒருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐந்து மாதத்தில் 500 பேருக்கு மேல். அதில் பலரை முன்பின் பார்த்ததில்லை, அவர்கள் நம் சங்கமா இல்லையா என்று நான் பார்க்கவில்லை என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு வரியை நம் சபைக் கமிட்டிகள் சட்டம் போட்டு மாட்டலாம். அதே காலத்தில் கடன் நிதி ஒன்று. அப்போதும் வட்டிக்குக் கொடுத்து உறிஞ்சுகிற ஆட்கள் இருந்தார்கள், நம்மூர்த் தண்டல், கந்துவட்டி மாதிரி. திரட்டியது 30 பவுண்டு 16 ஷில்லிங். ஒருவருக்கு 20 ஷில்லிங்குக்கு மேல் கிடையாது, மூன்று மாதத்துக்குள் வாராவாரம் கட்டித் திருப்ப வேண்டும். அந்தச் சின்னத் தொகையே சுழன்று சுழன்று பதினெட்டு மாதத்தில் 255 பேருக்கு உதவியிருக்கிறது. மகளிர் குழுவில் இருக்கிற உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரியும்.

விதவைகளுக்கு என்று இரண்டு சின்ன வீடுகள் எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்பது விதவைகள், பார்வையில்லாத ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். ஊரில் இருக்கும் நாட்களில் வெஸ்லியும் மற்றப் பிரசங்கிமாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள், அதே சாப்பாடு, அதே மேசை. உதவி செய்கிறவன் ஒரு பந்தி, வாங்குகிறவன் ஒரு பந்தி என்று இல்லை. எங்கள் ஊரில் ஒரு சபை (பெயர் வேண்டாம்) வெள்ளம் வந்த வருஷம் அரிசிப் பை கொடுத்தது. பையை வாங்கினவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பின்னால் பேனர் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு நின்றார். ஐந்து கிலோ அரிசிதான், அதற்கு அவர் கொடுத்த விலை ரொம்ப அதிகம். கொடுக்கிற கூட்டத்தில் நானும் நின்றேன் என்பதால் சொல்கிறேன்.

பணக்காரர்களுக்கு ஏழைகள்மேல் இரக்கம் குறைவாக இருக்க ஒரு பெரிய காரணம் அவர்கள் ஏழைகளின் வீட்டுக்குப் போகாததுதான் என்று வெஸ்லி வயதான காலத்தில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். ஆள்விட்டு உதவி அனுப்புவது போதாது, நீயே போ என்பது அவர் கட்சி. 1785 ஜனவரியில், 81 வயதில், வழக்கமாகக் கொடுக்கிற கரியும் ரொட்டியும் மட்டும் போதாது, துணியும் வேண்டும் என்று ஐந்து நாள் லண்டன் தெருக்களில் நடந்து 200 பவுண்டு பிச்சை எடுத்திருக்கிறார். உருகிய பனி கணுக்கால் அளவு, காலையிலிருந்து சாயங்காலம்வரை கால் அந்தத் தண்ணீரிலேயே.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். 1751இல் கல்யாணம் செய்துகொண்டார், அந்த வாழ்க்கை விளங்கவில்லை, கடைசியில் மனைவி பிரிந்து போய்விட்டார். ஊரையெல்லாம் விசாரித்தவர் வீட்டைக் கோட்டை விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், சங்கத்தில் சேருவதற்கு முன்னால் போதகரைக் கேட்டதைவிட வீட்டில் கேட்டீர்களா என்பது எனக்கு முக்கியம்.

நம் பக்கத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. கைப்பிடி அரிசி தெரியும்தானே? உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுபோவது. அந்தப் பென்னியும் இந்தப் பிடியும் ஒன்றுதான். பெரிய தொகை கொடுக்க முடியாதவளும் தினம் இரண்டு வேளை இன்னொருவரை நினைக்கிறாள். 1921இல் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள், ஒருவர் தமிழர் ஏசுதாசன், இன்னொருவர் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டன், கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பித்தார்கள். கதர் கட்டிக்கொண்டு, எளிமையாக இருந்துகொண்டு, சுற்றுவட்டார மக்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஆசிரமம் என்றாலே ஊரைவிட்டு ஒதுங்குவது என்று நினைப்போம், அவர்கள் ஆசிரமம் கட்டியதே ஊருக்குள் நுழையத்தான்.

இப்போது உங்கள் காரியம். நீங்கள் இருப்பது பஞ்சாயத்து எல்லை என்பதால் கிராம சபை உண்டு. முன்பு வருஷத்துக்கு நாலு தடவை கூடும்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் தமிழ்நாட்டில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறு ஆக்கியிருக்கிறார்கள். போங்கள். தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் எல்லாம் தீர்மானமாக ஏற வேண்டிய இடம் அது. உபவாச ஜெபத்தில் தெருவுக்காக மன்றாடுகிறவர்கள் அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று தெரிந்துகொண்டு மன்றாடினால் இன்னும் நன்றாக இருக்கும். பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு, அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் இருக்கும் என்று எரேமியா 29இல் கடிதம் போகிறது. பிடித்துக்கொண்டு போனவனுடைய ஊருக்கே அப்படி என்றால் நாம் பிறந்த ஊருக்கு எப்படி?

இரண்டு எச்சரிக்கை. உதவிக்குள் கைப்பிரதியை மடித்து வைக்காதீர்கள். சாக்கடை அடைப்பை எடுக்கப் போனால் சாக்கடை அடைப்பை எடுங்கள். யாராவது, ஏன் தம்பி இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் தூண்டில் போட்ட உதவியை ஜனங்கள் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம், நம் ஆட்களுக்கு மட்டும் முதலில் செய்யச் சொல்லி உங்கள் சபையிலிருந்தே நெருக்கடி வரும். கறைபடுவது என்று வேதம் சொல்வது இந்த மாதிரி விஷயத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கொடை வரிக்கு வருவோம், நீங்கள் உண்மையில் பயப்படுவது அதற்குத்தானே. பவுல் 1 கொரிந்தியர் 10இல் ஒரு நடைமுறை சொல்கிறார்: அவிசுவாசி விருந்துக்குக் கூப்பிட்டால், போக மனதிருந்தால், முன்னால் வைத்ததை விசாரியாமல் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவனுடைய மனச்சாட்சிக்காகத் தவிர்த்துக்கொள். கலந்துகொள்வதற்கும் வழிபடுவதற்கும் நடுவில் அவர் கோடு போடுகிற இடம் அது. உங்கள் சங்கத்திலும் முதல் கூட்டத்திலேயே, எந்த மனத்தாங்கலும் இல்லாமல், சிரித்த முகமாக ஒன்று கேளுங்கள்: பொதுப் பராமரிப்புச் சந்தா ஒரு ரசீதுப் புத்தகம், கொடை வசூல் தனி ரசீதுப் புத்தகம், அதற்குக் கோவில்காரர்களே ஒரு ஆளைப் போட்டுக்கொள்ளட்டும் என்று. நான் பார்த்தவரை இதற்குப் பெரிய எதிர்ப்பு வராது, வரவு செலவு கலந்தால் அவர்களுக்கும் தலைவலிதான். கொடை அன்றைக்குக் குடிதண்ணீர் வண்டிக்கு ஏற்பாடு செய்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குச் சாமி கிடையாது. இதையும் உங்கள் மனச்சாட்சி இடித்தால் செய்ய வேண்டாம், நான் அதைப் பாவம் என்றும் சொல்ல மாட்டேன், கட்டாயம் என்றும் சொல்ல மாட்டேன்.

பொருளாளராகச் சேருங்கள் என்றதற்குக் காரணம் லேவியராகமம் 19இல் வருகிற அந்தப் படியும் மரக்காலும்தான். குடியிருப்போர் சங்கம் உடைகிற இடம் பெரும்பாலும் கணக்கு. மோட்டார் ரிப்பேர் என்று எழுதிய பணம் எங்கே போனது என்று ஒருவர் கேட்பார், மறுமாதம் சந்தா நின்றுவிடும். நீங்கள் மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி மோட்டார் ரூம் கதவில் ஒட்டுங்கள், வாட்ஸப்பிலும் போடுங்கள். வாட்ச்மேனுக்கும் துப்புரவு செய்கிற அம்மாவுக்கும் சம்பளம் முதல் தேதி காலையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சந்தா வந்த பிறகு பார்க்கலாம் என்று இழுக்கக்கூடாது. முடிந்தால் சந்தா வாங்க நீங்களே வீடு வீடாகப் போங்கள், ஜிபே நம்பரைக் குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு மாதமாகக் கொடுக்காத வீட்டின் கதவைத் தட்டும்போது குரல் உயர்த்த வேண்டாம். உள்ளே யாராவது படுத்திருக்கலாம்.